வாவ், ஓ, அய்யோ: ஆங்கிலத்தில் எங்கே கமா, எங்கே ஆச்சரியக்குறி?

வாவ், ஓ போல உணர்ச்சியைக் காட்ட வாக்கியத்தில் தனியாக வரும் சொல்லுக்கு இன்டர்ஜெக்‌ஷன் என்று பெயர். முதலில், நீங்கள் எழுதும் சொல் இன்டர்ஜெக்‌ஷன்தானா என்று பாருங்கள். அதைத் தூக்கிவிட்டுப் படித்தாலும் சொல்ல வந்த செய்தி குறையக்கூடாது. ‘வெல், ஹி காண்ட் கம் டுடே’ என்பதில் ‘வெல்’ போனாலும் நஷ்டமில்லை. ‘ஷி சிங்ஸ் வெல்’ என்பதில் போனால், எப்படிப் பாடுகிறாள் என்பதே போய்விடும். அங்கே அது அட்வெர்ப், கமா வேண்டாம்.

அடுத்து உணர்ச்சியின் அளவு. சேப்பாக்கம் கேலரியில் கத்துகிற ‘வாவ்! வாட் எ கேட்ச்!’ என்றால் ஆச்சரியக்குறி. அதோடு ஒரு வாக்கியம் முடிந்ததால் அடுத்த சொல் கேப்பிடலில் தொடங்கும். டீக்கடையில் சில்லறை இல்லை என்றதும் சொல்கிற ‘ஓ, தட்ஸ் ஃபைன்’ போன்றதற்குக் கமா போதும். அடுத்த சொல் சின்ன எழுத்து. ‘நான்’ என்று பொருள்படும் ‘ஐ’யும், ஆள், ஊர் பெயர்களும் எங்கே வந்தாலும் கேப்பிடல்தான்.

வாக்கியத்தின் நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கமா: ‘தி ட்ரெயின், அலாஸ், ஹேட் லெஃப்ட்.’ (‘அலாஸ்’ என்றால் ஐயோ.) பாதிப் பேர் முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

நிறையப் பேர் சறுக்குவது மேற்கோள்குறிக்குப் பின்னால்தான். இந்த இரண்டையும் பாருங்கள்:

“அவுச்!” ஷி க்ரைட்.
“அவுச்!” ஷி ட்ராப்ட் தி பேன்.

முதலாவதில் ‘ஷி’ சின்ன எழுத்து. ‘கத்தினாள்’ என்பது அந்த ‘அவுச்’சை யார் சொன்னது என்று காட்டுகிறது, வாக்கியம் இன்னும் முடியவில்லை. இரண்டாவதில் கேப்பிடல். வாணலியைக் கீழே போட்டது தனிச் செயல், தனி வாக்கியம். இரண்டிலுமே ஆச்சரியக்குறிக்குப் பிறகு கமா சேர்க்கக்கூடாது. ஃபோன் கீபோர்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆச்சரியக்குறியைக் கண்டதும் அடுத்ததைக் கேப்பிடலாக்கிவிடும். கதை, உரையாடல் எழுதும்போது செட்டிங்ஸில் ஆட்டோ கேப்பிடலைசேஷனை அணைத்துவிடுவதே நல்லது. திருத்தும் ஆப்பை நம்புவதைவிட, வாய்விட்டு ஒருமுறை படிப்பது மேல்.

பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு: ஒருவர் சொன்னதை நம் வார்த்தையில் சொல்லும் இன்டைரக்ட் ஸ்பீச்சில் இன்டர்ஜெக்‌ஷனே காணாமல் போகும். “ஹுர்ரா! வி ஹேவ் வன் தி மேட்ச்,” தே செட் என்பது ‘தே எக்ஸ்க்ளைம்ட் வித் ஜாய் தட் தே ஹேட் வன் தி மேட்ச்’ ஆகும். மேற்கோள்குறி, ஆச்சரியக்குறி இரண்டையும் எடுத்துவிட்டுக் கடைசியில் முற்றுப்புள்ளி. ‘எக்ஸ்க்ளைம்ட்’ போட்டதாலேயே ஆச்சரியக்குறியும் வேண்டும் என்று நினைத்து மதிப்பெண்ணை விடாதீர்கள்.

பிற்சேர்க்கை: ஒற்றை எழுத்து ‘ஓ’வும் (O) இரண்டெழுத்து ‘ஓ’வும் (Oh) ஒன்றா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. இல்லை. ஒற்றை எழுத்து ‘ஓ’ கடவுளையோ அரசரையோ விளிக்கும் பழைய நடை; எப்போதும் கேப்பிடல், பின்னால் கமா கிடையாது. இரண்டெழுத்து ‘ஓ’ வாக்கிய நடுவில் வந்தால் சின்ன எழுத்து.

சென்னை ஓஎம்ஆர் ஐடி அலுவலக மெயில்களில் ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் வேண்டாம். கஸ்டமரின் டேட்டா அழிந்ததைச் சொல்லும் மெயிலை ‘ஊப்ஸ்!’ என்று தொடங்கவும் வேண்டாம், விளையாட்டாகத் தெரியும். நம்ம ‘அய்யோ’? 2016-லேயே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. நண்பருக்கு எழுதும்போது தாராளமாகப் போடலாம், குறிகளுக்கு மேலே சொன்ன அதே விதிதான்.