காது ஜவ்வு ஓட்டைக்கு ஆபரேஷன்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

காது ஜவ்வில் ஓட்டை என்று டாக்டர் சொன்னதும் பலருக்கும் மனதில் வருவது பஞ்சர் ஒட்டும் காட்சிதான். மேலே ஒரு துண்டை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஆபரேஷனைச் சுற்றி நடக்கும் தவறுகளில் பாதி அந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

உண்மையில் இது கொடிக்குப் பந்தல் போடுகிற வேலை. ஜவ்வின் அகலம் சுமார் 9 மில்லிமீட்டர், தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதில் தையல் நிற்காது. நாள்பட்ட ஓட்டையின் விளிம்பில் தோல் உள்பக்கமாக வளைந்து மூடிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஓட்டை தானாகச் சேருவதில்லை. சர்ஜன் முதலில் அந்த விளிம்பைச் சுற்றிலும் சீவி எடுத்துப் புதுப் புண்ணாக்குகிறார். பிறகு காதுக்கு மேலே உள்ள தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஒட்டியிருக்கும் தசைத் துணுக்குகளைச் சுரண்டிவிட்டு உலர வைக்கிறார். எடுக்கும்போது நனைந்த டிஷ்யூ பேப்பர்போலத் துவளும் அந்தத் துண்டு, உலர்ந்ததும் காகிதம்போல விறைக்கும். அதை அளவாக வெட்டி ஜவ்வுக்கு அடியில் செருகி, தானே கரைந்துபோகும் ஜெல் பஞ்சால் முட்டுக்கொடுப்பார். அதன்மேல் நம் சொந்தத் தோல் வாரக்கணக்கில் மெல்லப் படர்ந்துதான் ஓட்டை மூடுகிறது.

சரி, தவறுகளுக்கு வருவோம். முதலாவது அவசரம். கன்னத்தில் அறை விழுந்தோ பட்ஸ் குத்தியோ புதிதாகக் கிழிந்த ஜவ்வு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே அங்கே வைத்தியம். ஆனால் அடிபட்டதோடு தலைசுற்றலோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ, காது அறவே கேட்காமல் போவதோ சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு, வருடக்கணக்கில் ஒழுகும் காதோடு வாழப் பழகிவிடுவது. சீழில் நாற்றம் இருந்தாலோ, ஓட்டை ஜவ்வின் மேல்பகுதியிலோ ஓரத்தை ஒட்டியோ இருந்தாலோ, கொலஸ்டியடோமா இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இடம் மாறி உள்ளே வளரும் தோல் அது; எலும்பை அரிக்கும். அதை அப்படியே விட்டு மேலே ஒட்டுப் போடுவது நெருப்பைச் சாம்பலால் மூடுகிற கதை. காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பையும் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம்.

சொட்டு மருந்து விஷயத்திலும் அலட்சியம் அதிகம். முன்பு எப்போதோ வாங்கிய பாட்டிலைத் தேடி எடுத்து விட்டுக்கொள்கிறோம். ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் ஓட்டை வழியே ஜவ்வுக்குப் பின்னுள்ள நடுக்காதுக்குள் இறங்கினால், அதற்கும் உள்ளே இருக்கும் உட்காதைக் கெடுக்கக்கூடும். அதனால்தான் ஓட்டையுள்ள காதுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் போன்றவற்றையே டாக்டர்கள் பொதுவாக எழுதுகிறார்கள். எண்ணெயும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், நிறையப் பேர் சறுக்கும் இடம் ஆபரேஷன் வழியைத் தழும்பை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான். காதுத் துளை வழியாகவே செய்யலாம், துளையின் வாயில் சிறு கீறல் போட்டுச் செய்யலாம், காதுக்குப் பின்னால் கீறியும் செய்யலாம். "பின்னால் கீறினால் பெரிய ஆபரேஷன், எண்டோஸ்கோப் (காதுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமராக் குழாய்) என்றால் சின்னது" என்ற கணக்கு சரியில்லை. துளையின் முன்சுவர் பலருக்குப் புடைத்திருக்கும். ஓட்டை ஜவ்வின் முன்பகுதியில் இருந்தால், நேர்க்கோட்டில் மட்டுமே பார்க்கும் மைக்ராஸ்கோப்புக்கு அதன் முன்விளிம்பு மறைந்துவிடும். அப்போது பின்னால் கீறி, தேவைப்பட்டால் அந்தப் புடைப்பைச் சற்றுத் தேய்த்தெடுக்க வேண்டும். எண்டோஸ்கோப் அந்த மூலையை எட்டிப் பார்த்துவிடும்; ஆனால் சர்ஜனின் ஒரு கை அதைப் பிடிப்பதிலேயே போய்விடும், ரத்தம் கசிந்தால் மற்றொரு கை மட்டும்தான் மிச்சம். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது, அதன் விளிம்பு முழுவதும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா?" காதுக்குப் பின்னுள்ள தழும்பு மடிப்பில் ஒளிந்துகொள்ளும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

எல்லா ஒட்டும் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. 1950-களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் சோல்னரும் இந்த அறுவைமுறையை வகுத்தபோது ஒட்டுக்குத் தோலைத்தான் வைத்தார்கள். காதுக்குள் அது சரிப்பட்டு வரவில்லை. தசை உறை அந்த இடத்தைப் பிடித்தது. ஏற்கெனவே ஒருமுறை ஒட்டு தோற்றிருந்தால், அல்லது நடுக்காதை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் காற்றுக்குழாய் சரியாக வேலை செய்யாமல் ஜவ்வு உள்ளே இழுபட்டால், காதின் குருத்தெலும்பு நன்றாகத் தாங்கும். குண்டூசித் தலையளவு ஓட்டைக்குக் காதின் கீழ்மடலில், தோடு போடும் இடத்திலுள்ள கொழுப்பே போதுமானதாக இருக்கலாம், மரத்துப்போக ஊசி போட்டே முடித்துவிடுவார்கள்.

ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எடுக்காமல் ஆபரேஷன் மேஜையில் ஏறாதீர்கள். காது உலர்ந்து தொற்று நிற்பதே முதல் இலக்கு. கேட்கும் திறன் எவ்வளவு கூடும் என்பது உள்ளேயிருக்கும் மூன்று குட்டி எலும்புகளையும் நரம்பையும் பொறுத்தது. நன்றாகக் கேட்கும் காது ஒன்றே ஒன்றுதான் என்றால் அதில் கை வைக்க எந்த சர்ஜனும் யோசிப்பார். அப்புறம் சிகரெட்: ஒட்டு பிடிப்பதற்கு ரத்த ஓட்டம் வேண்டும், புகை அதைக் குறைக்கும்.

வீடு திரும்பிய பிறகு ஒட்டைக் கெடுக்கக்கூடியது மூக்கு. பலமாகச் சிந்தினால் காற்று அந்தக் காற்றுக்குழாய் வழியே நடுக்காதுக்குள் ஏறி, உள்ளிருந்து ஒட்டைத் தள்ளும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். கனம் தூக்குவது, விமானப் பயணம், நீச்சல் எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளியே மட்டும் வைத்துக்கொள்ளலாம். உள்ளே வைத்த பஞ்சு அரிக்கிறது என்று நோண்டாதீர்கள்.

"ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த காதுகூட இப்போது இல்லை" என்று முதல் வாரங்களில் பயப்படுகிறவர்கள் உண்டு. பஞ்சு அடைத்திருக்கும் காது கேட்காதுதான். டப் டப்பென்று சத்தம் வரும், நாக்கின் ஒரு பக்கத்தில் உலோக ருசி தெரியும். சுவை நரம்பு ஒன்று ஜவ்வின் பின்புறமாகத்தான் போகிறது, அது உரசுப்பட்டிருக்கும். பெரும்பாலும் மாதங்களில் சரியாகிவிடும். காய்ச்சல், சீழ், கடும் தலைசுற்றல், முகத்தசை தளர்வது ஆகியவை வேறு சங்கதி, உடனே போன் செய்யுங்கள். காது எவ்வளவு தேறியிருக்கிறது என்பது சுமார் மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஆடியோகிராமில்தான் தெரியும்.