ஓடாத பாதியிலிருந்து தொடங்குங்கள்: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வீட்டிலேயே சோதித்துச் சரிசெய்யும் முறை

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கும் பலரும் முதலில் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். அது சீராக ஓடினால் வண்டியே நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எஞ்சின் தினமும் ஓடுகிறது. அதில் கோளாறு வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். முன்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் பாகங்களோ மாதக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. கிரீஸ் இறுகுகிறது, ஆயில் சீல் காய்ந்து வெடிக்கிறது, லீவர் இணைப்புகளில் துரு ஏறுகிறது. சேற்றில் சிக்கிக்கொண்டு லீவரை இழுக்கும் நாளில்தான் உண்மை தெரியவரும். ஆகவே புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இந்தப் பாதியிலிருந்து தொடங்குவதே நல்லது.

இங்கே சொல்லப்போவது 'பார்ட் டைம்' வகை வண்டிகளுக்கு. அதாவது சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும். தேவைப்படும்போது டிரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) லீவரைப் போட்டு முன்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 1941இல் வந்த வில்லீஸ் ஜீப், அந்த வழியில் வந்த ஜீப்புகள், டொயோட்டா லேண்ட் க்ரூஸரின் 40 வரிசை எல்லாம் இந்த வகைதான். 1977இல் வந்த லாடா நிவா போல எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும். கீழே வரும் சோதனைகள் சில அவற்றுக்குப் பொருந்தாது.

முதலில் வண்டி நகராமல் இருக்க வேண்டும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பழைய ஜீப், லேண்ட் ரோவர் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் ஒரு டிரம் இருக்கும். அது பின் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். இப்படிப்பட்ட வண்டியில் ஹேண்ட் பிரேக்கை நம்பி ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால் என்ன ஆகும்? தூக்கிய சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாகப் பின்னோக்கிச் சுழலும், தரையில் உள்ள சக்கரம் முன்னோக்கி உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவிவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரும் பிடிக்காது, ஆட்டோமேட்டிக் வண்டியின் பார்க்கிங் நிலையும் பிடிக்காது.

ஆகவே சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். வைத்த பிறகு கையால் வண்டியை நன்றாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் உள்ளே போகாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

ஆயில் என்ன சொல்கிறது

முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்பர் கேஸ், கியர்பாக்ஸ் என்று நான்கு இடங்களில் ஆயில் இருக்கிறது. பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு பிளக்: மேலே ஊற்றுவதற்கு, கீழே வடிப்பதற்கு. எப்போதும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழே வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து வராமல் போனால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியிருக்கும்.

மேல் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். தேன் நிறமோ கறுப்போ இருந்தால் பயமில்லை. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் ஆக்சிலின் மேலுள்ள பிரீத்தர் (உள்ளே காற்று போய்வரும் துளை) அடைத்திருப்பதே காரணம். ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். பிரீத்தர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பிரீத்தரை விட்டுவிட்டால் அடுத்த மழையில் மறுபடியும் இதே நிலைதான். சின்ன மூடிதான், கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊதினால் காற்று போகிறதா என்று பாருங்கள்.

வடிகால் பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தால் அதைத் துடைப்பதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மணல்போல நெருடினாலோ, செதில்கள் மின்னினாலோ பேரிங்கோ பல்லோ உடையத் தொடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கியர்பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் ஒட்டியிருக்கும் வண்டிகளில் ஒன்றில் ஆயில் குறைந்து, மற்றொன்றில் துளையைத் திறந்ததும் வழிந்தால், வெளியே கசிவே இருக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள சீல் போயிருக்கிறது என்று பொருள்.

டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயில். பழைய கியர்பாக்ஸ்களில் கியர் உராயாமல் மாற உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருப்பதால் பல தயாரிப்பாளர்கள் ஜிஎல்-4 கேட்கிறார்கள். எண் பெரிதாக இருப்பதால் ஜிஎல்-5 எல்லா இடத்துக்கும் மேலானது என்று எண்ண வேண்டாம். வண்டியின் கையேடு சொல்வதை ஊற்றுங்கள்.

முன்சக்கர ஹப் பூட்டுகிறதா?

சக்கரத்தின் நடுவே திருகும் வட்டு உள்ள வண்டிகளுக்கு இந்தச் சோதனை. அந்த வட்டுள்ள ஹப்பைப் பூட்டினால் சக்கரம் முன் ஆக்சிலோடு சேரும், விடுவித்தால் தனியாகச் சுழலும். டேஷ்போர்டில் விளக்கு எரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த விளக்கு டிரான்ஸ்பர் கேஸ் மாறியதைத்தான் காட்டும். சக்கரத்தில் நடப்பது அதற்குத் தெரியாது.

லீவரை 2எச் (பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும்) நிலையில் வைத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். தரையில் இருக்கும் முன்சக்கரத்தின் ஹப்பைப் பூட்டிவிடுங்கள். இப்போது தூக்கிய சக்கரத்தின் ஹப்பையும் பூட்டி, சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் கூடவே சுழல வேண்டும். தூக்கிய சக்கரத்தின் ஹப்பை மட்டும் விடுவித்துச் சுழற்றினால் ஷாஃப்ட் நிற்க வேண்டும். தரைச் சக்கரத்தைப் பூட்டாமல் சோதித்தால், விசை டிஃபரன்ஷியல் வழியாக எதிர்ப்பக்கத்து அரை ஷாஃப்ட்டைச் சுழற்றிவிட்டுப் போய்விடும். நல்ல ஹப்பைக் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள். பிறகு மறுபக்கத்தையும் இதேபோல் பாருங்கள்.

பூட்டவில்லையென்றால் உடனே புதிது வாங்க வேண்டாம். மூடியைக் கழற்றினால் உள்ளே காய்ந்து மெழுகுபோல் ஆன கிரீஸ்தான் பெரும்பாலும் இருக்கும். முழுவதையும் கழுவி, பல்லும் ஸ்பிரிங்கும் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவிப் பூட்டுங்கள். வீல் பேரிங்கில் அடைப்பதைப்போல் இங்கே அடைத்தால் நகர வேண்டிய வளையம் நகராது.

சக்கரத்தில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது

முன்சக்கரம் தூக்கியபடியே இருக்கட்டும். மேலும் கீழுமாக இரு கைகளால் பிடித்து உலுக்குங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சாணி) இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு: உதவிக்கு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி உலுக்குங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின். அடுத்து இடமும் வலமுமாகப் பிடித்து உலுக்குங்கள். இந்தப் பக்கம் மட்டும் ஆடினால் சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டான டை ராட் எண்டைச் சந்தேகப்பட வேண்டும்.

மேட்டில் ஏறி இறங்கியதும் முன்பக்கம் முழுவதும் கட்டுக்கடங்காமல் நடுங்கும் வண்டிகளுக்கு ஸ்டியரிங் டேம்பரை (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் பாகம்) மாற்றச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி கிடைக்கும். அதை ஏற்காதீர்கள். புது டேம்பர் நடுக்கத்தைச் சில காலம் மறைக்கும். தளர்ந்த கிங் பின்னும் டை ராட் எண்டும் அதற்குள் இன்னும் தேயும். ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மறைத்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

யூ ஜாயிண்ட் மாற்றுதல்

யூ ஜாயிண்ட் என்பது புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள மடங்கும் இணைப்பு: நடுவே ஒரு சிலுவை, அதன் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங் உள்ள கப்புகள், அவற்றைப் பிடிக்கும் இரு கவைகள். வீட்டில் முழுமையாகச் செய்யக்கூடிய முதல் ரிப்பேராக நான் இதைத்தான் சொல்வேன். அறிகுறிகள் தெளிவானவை: கிளட்சை விடும்போது அடியில் 'டங்' என்ற சத்தம், மெதுவாகப் போகும்போது கீச்சொலி, வேகத்தில் அதிர்வு. கட்டை கொடுத்து நியூட்ரலில் வைத்து, ஜாயிண்ட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை முறுக்குங்கள். நல்ல ஜாயிண்ட்டில் இரண்டுக்கும் நடுவே ஆட்டம் துளியும் தெரியாது.

கழற்றும் முன் ஃபிளாஞ்சுகள் (போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டுகள்) இரண்டின் மேலும் ஒரே கோடாகப் பெயிண்ட் இடுங்கள். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும், நீளவாக்கில் பற்கள் உள்ள ஸ்பிளைன் பகுதியிலும் அதேபோல் ஒரு கோடு. ஸ்பிளைனை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரு முனைக் கவைகளும் நேர்கோட்டில் இல்லாமல் போய், புது ஜாயிண்ட்டோடு பழைய அதிர்வைவிட மோசமான அதிர்வு வரும். பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால் டிரான்ஸ்பர் கேஸ் ஹேண்ட் பிரேக்கும் கியரும் பின்சக்கரங்களைப் பிடிக்காது; கட்டைகளை இன்னொரு முறை பாருங்கள்.

போல்ட்டுகளை எடுத்து ஷாஃப்ட்டை இறக்கியபின், நான்கு கப்புகளின் மேலுள்ள, அவை வெளியே வராமல் பிடிக்கும் சர்கிளிப் வளையங்களைச் சுத்தம் செய்து கழற்றுங்கள். வராவிட்டால் கப்பின் மேல் மெல்லத் தட்டினால் இறுக்கம் தளரும். பிறகு வைஸில் ஷாஃப்ட்டை வைத்து, ஒரு பக்கம் கப்பைவிடச் சிறிய சாக்கெட்டும், எதிர்ப்பக்கம் கப் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட்டும் வைத்து இறுக்குங்கள். சிறியது தள்ள, எதிர்ப்பக்கக் கப் பெரிய சாக்கெட்டுக்குள் வெளிவரும்.

பழைய சிலுவையைத் தூக்கி எறியுமுன் பாருங்கள். முனைகளில் ஊசிகள் பதிந்த இணைகோடுகள் விரல் நகத்துக்குத் தட்டுப்படும். கப்புக்குள் செங்கல் நிறப் பொடி இருந்தால் அந்தப் பக்கத்துக்குக் கிரீஸ் போய்ச்சேரவே இல்லை.

புதியதைப் பூட்டும்போதுதான் பொறுமை வேண்டும். கப்புக்குள் மெல்லிய ஊசிகள் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும். கிரீஸ்தான் அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறது. சிலுவையைக் கவைக்குள் நுழைத்து, அதன் முனையைக் கப்புக்குள் வைத்துக்கொண்டே கப்பை அழுத்துங்கள். முனை உள்ளே இருக்கும்வரை ஊசிகள் சாய இடமில்லை. சர்கிளிப் பள்ளம் தெரிவதற்கு முன்பே இறுகினால் ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிட்டது. மேலும் இறுக்கினால் கப் உடையும். வெளியே எடுத்து, ஊசியை நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள்.

சர்கிளிப் மாட்டியபின் ஜாயிண்ட்டை எல்லாத் திசையிலும் மடக்கிப் பாருங்கள். எங்காவது இறுகினால் கவையின் காதுகளில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஓரிரு தட்டு, சரியாகிவிடும். கிரீஸ் நிப்பிள் கன் எட்டும் பக்கம் பார்த்திருக்கட்டும். நான்கு சீல்களிலும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடித்து, பெயிண்ட் கோடுகளைச் சேர்த்து ஷாஃப்ட்டை மாட்டுங்கள்.

லீவர் சிக்கிக்கொண்டால்

தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கரமும் இயங்கும்) நிலையில் ஓட்டிவிட்டு, லீவர் வெளியே வரவில்லை என்று டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றப் போகிறவர்கள் உண்டு. அங்கே கோளாறே இல்லை. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகின்றன. நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் ஷாஃப்ட்டுகளில் முறுக்காகச் சேர்கிறது. மணலிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி அது தானாக வெளியேறும், காய்ந்த தார்ச்சாலையில் வெளியேறாது. சில மீட்டர் பின்னோக்கி நேராக ஓட்டி, லீவரைத் தள்ளுங்கள். இதற்காகச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்க வேண்டாம். தரையை விட்டதும் திடீரென்று சுழலும்.

நேராக ஓட்டும்போதும் முறுக்கு சேர்ந்தால் டயர்களைப் பாருங்கள். நான்கும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

முன்பாதி மறுபடி இறுகாமல் இருக்க, மாதம் ஒருமுறை ஹப்புகளைப் பூட்டி, லீவரை 2எச் நிலையிலேயே வைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டினால் போதும். சக்கரமே முன் ஆக்சிலைச் சுழற்றி உள்ளே ஆயிலைத் தெளித்துவிடும். மண்பாதை கிடைத்தால் 4எச், 4எல் (நான்கு சக்கரமும் மெதுவான கியரில்) இரண்டையும் போட்டு எடுங்கள்.

டிஃபரன்ஷியலில் இருந்து ஊளைச்சத்தம் வந்தால் அது வீட்டு வேலை அல்ல. உள்ளே ஒன்றையொன்று சுழற்றும் பல்சக்கரங்களான கிரௌன் வீலும் பினியனும் எந்த இடைவெளியில் சேர வேண்டும் என்பதை டயல் கேஜ் வைத்து அளந்து, ஷிம் எனும் மெல்லிய தகடுகளை மாற்றி அமைக்க வேண்டும். அதைத் திறக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சத்தம் எந்த வேகத்தில் வருகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதா விடும்போதா, திருப்பத்தில் மாறுகிறதா என்று எழுதிக் கொடுங்கள். திருப்பத்தில் மட்டும் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் வீல் பேரிங்தான். டிஃபரன்ஷியலைக் கழற்றச் சொல்லுமுன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.