வெயில் வேலைக்கு ரிஃப்ளெக்டர் சட்டை: வாங்கும்போது செய்யும் தவறுகள்

மே மாதம் காலை 11 மணிக்குச் சாலை விரிவாக்க வேலை நடக்கும் இடங்களைக் கவனித்திருப்பீர்கள். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டுகளில் சில தடுப்பில் தொங்கும், சில முன்பக்கம் திறந்தபடி கிடக்கும். மேஸ்திரி சத்தம் போட்டால் மாட்டுவார்கள், அவர் தலை மறைந்ததும் கழற்றிவிடுவார்கள். ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 40 டிகிரி வெயிலில் சட்டைக்கு மேல் இன்னொரு பாலியஸ்டர் அடுக்கைப் போடச் சொன்னோமே, தவறு அங்கே இருக்கிறது. உடம்பில் நிற்காத ஜாக்கெட் லாரி டிரைவர் கண்ணில் எப்படிப் படும்?

அதனால் சட்டையையே ரிஃப்ளெக்டர் சட்டையாக வாங்குவது நல்லது. ஆனால் பளிச்சென்ற நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். இந்த மாதிரி உடைகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 20471. அதில் மூன்று வகுப்புகள் உண்டு. இரண்டாம் வகுப்புக்குக் குறைந்தது 0.50 சதுர மீட்டர் பளிச் துணியும் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளிப்பட்டை 0.13 சதுர மீட்டரும் வேண்டும். லேபிளில் சின்ன ஜாக்கெட் படமும் பக்கத்தில் வகுப்பு எண்ணும் இருக்கும். எந்த வகுப்பு வேண்டும் என்று சைட் சேஃப்டி ஆபீசரிடம் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அடுத்து துணி. "வெயிலுக்குக் காட்டன்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி. மண்வெட்டி பிடிப்பவரின் வியர்வையைக் காட்டன் குடித்துக் கனத்துப்போகும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஈரக்காற்றில் லேசில் காயாது. அதோடு, ஒளிரும் சாயம் பாலியஸ்டரில் பிடிப்பதுபோல் காட்டனில் பிடிப்பதில்லை. அதற்காக நெருக்கமாக நெய்த மலிவு பாலியஸ்டரை வாங்கினால் அது அடுப்பு. பொடி ஓட்டைகளோடு பின்னிய பாலியஸ்டர், அல்லது வெளியே பாலியஸ்டரும் உள்ளே காட்டனும் வருகிற துணி இவர்களுக்குப் பொருந்தும். கடையிலேயே துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வரவேண்டும். வெல்டிங், கேஸ் கட்டிங் ஆட்களுக்கு மட்டும் இது ஆகாது. பொறி பட்டால் சாதாரண பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்; அவர்களுக்குத் தீ பிடிக்காத தனிச் சட்டைதான்.

வெக்கைக்குப் பயந்து அரைக்கை வாங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மெல்லிய, தொளதொளப்பான முழுக்கைச் சட்டை வெயில் நேராகத் தோலில் விழாமல் தடுக்கும், உள்ளே காற்றும் ஓடும். இன்னொரு லாபமும் உண்டு. கையைச் சுற்றிப் பட்டை இருந்தால் கை அசையும்போது அதுவும் அசையும். நிற்பது மனுசன், தடுப்புக் கம்பம் இல்லை என்று டிரைவருக்குச் சீக்கிரம் புரியும். கான்கிரீட் மிக்ஸர் பக்கம் நிற்பவர் மட்டும் கைப்பட்டனைப் போட்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளட்டும்.

பளிச் துணியையும் ஒளிப்பட்டையையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். பளிச் நிறம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுப்பது. பகலிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதன் வேலை. இரவில் ஹெட்லைட் ஒளியை வண்டி இருக்கும் பக்கமே திருப்பி அனுப்புவது பட்டை. நைட் ஷிஃப்டுக்குப் பட்டையில்லாத மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்தால் கொடுக்காத மாதிரிதான். நிறத்தையும் இடம் பார்த்து எடுக்கவேண்டும்: மஞ்சள் ஜேசிபிகளுக்கு நடுவே ஆரஞ்சு எடுபடும், செம்மண் மேட்டில் மஞ்சள் எடுபடும்.

பட்டை விஷயத்தில் ஒன்று. தடித்த முழுப்பட்டை தைத்த இடத்தில் காற்று புகாது. துண்டு துண்டாக இடைவெளி விட்டு ஒட்டிய பட்டை வளைந்து கொடுக்கும், கொஞ்சம் காற்றும் விடும். இவ்வளவு பார்த்து வாங்கிவிட்டு, முதுகு முழுக்கக் கம்பெனி பெயரை ரப்பர் பிரிண்ட் அடிக்கிறார்கள்! வியர்வை போக வழியும் அடைபடும், பளிச் துணியின் பரப்பும் குறையும். பெயரைச் சட்டைப்பை மேல் சின்னதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆளுக்கு ஒரே சட்டை கொடுப்பதுதான் கடைசியில் காசைத் தின்னும் தவறு. லேபிளில் 25 சலவை என்று போட்டிருந்தால், தினம் துவைக்கும் வெயில் காலத்தில் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆளுக்கு மூன்று கொடுத்தால் மாற்றி மாற்றிப் போடலாம். பிளீச்சிங் பவுடர், கம்ஃபர்ட் மாதிரி திரவங்கள், கல்லில் அடித்துத் துவைப்பது எதுவும் கூடாது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயப்போடுங்கள்; வெயில் அந்தச் சாயத்தைத் தின்றுவிடும். புதுச் சட்டை ஒன்றை ஸ்டோரில் பிரிக்காமல் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை பழையதை அதன் பக்கத்தில் வைத்துப் பகலில் நிறத்தை ஒப்பிடுங்கள், இருட்டியதும் செல்போன் டார்ச்சைக் கண்ணருகே பிடித்துப் பட்டையைப் பாருங்கள். இரண்டில் ஒன்று மங்கியிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.