ஆயிரம் ஹெச்பி டிராக் ரேஸ் இன்ஜினுக்கு எந்த பிளாக்?

டர்போ வாங்கியாச்சு, ஃபோர்ஜ்டு கிராங்க் வாங்கியாச்சு, பிஸ்டனும் வந்துவிட்டது, இனி எந்த பிளாக்கில் போடலாம் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். வரிசை அங்கேயே தலைகீழாகிவிட்டது. சிலிண்டர்களும் கிராங்கும் உட்காரும் இன்ஜினின் உடலான பிளாக்கைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பிளாக் மாறினால் போர் அளவு, அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், மாறும், அதனால் பிஸ்டன் வீண். மெயின் ஜர்னல் (கிராங்கில் மெயின் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) அளவு மாறலாம், அப்போது கிராங்க் வீண். டெக் (ஹெட் உட்காரும் மேல்தளம்) உயரம் மாறினால் ராட் நீளம், இன்டேக் மேனிஃபோல்ட், ஹெடர் தொடங்கி, பானெட் மூடுமா மூடாதா என்பது வரைக்கும் எல்லாம் மாறும். டர்போவை அடுத்த வருடம் பெரிதாக்கிக்கொள்ளலாம். பிளாக்கில் அது நடக்காது. இந்த சீசனில் ஓடப்போகும் பவருக்கு வாங்காதீர்கள், இரண்டு மூன்று சீசன் கழித்து எங்கே நிற்க ஆசையோ அந்த பவருக்கு வாங்குங்கள்.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் அமெரிக்காவில் டிராக் ரேஸில், அதாவது நேர்கோட்டு வேகப்பந்தயத்தில், கால் மைலும் எட்டில் ஒரு மைலும் ஓடுகிற வி8 கார்களைப் பற்றி. கணக்கு எல்லா இன்ஜினுக்கும் ஒன்றுதான்.

முதலில் பிளாக்குக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 4 அங்குல போர் என்றால் பிஸ்டன் தலையின் பரப்பு 12.57 சதுர அங்குலம். எரியும்போது சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 1500 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் சுமார் 18,850 பவுண்டு, அதாவது எட்டரை டன். இந்த எட்டரை டன் ஒரே நேரத்தில் மேலே ஹெட்டைத் தூக்கப் பார்க்கிறது, கீழே ராட் வழியாக கிராங்கை, அதைக் கீழிருந்து பிடித்திருக்கும் மெயின் கேப்போடு சேர்த்துத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று இழுபடுவது பிளாக். 8000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 4000 தடவை இது நடக்கும்.

அதனால்தான் ‘எத்தனை ஹெச்பி தாங்கும்’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. டர்போ இல்லாமல் 8500 ஆர்பிஎம் சுற்றி 700 ஹெச்பி எடுக்கும் இன்ஜினும், 6000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) வைத்து அதே 700 எடுக்கும் இன்ஜினும் பிளாக்கை ஒரே மாதிரி வருத்துவதில்லை. முதலாவதில் சிலிண்டர் அழுத்தம் குறைவு, ஆனால் பிஸ்டன், ராட் எடையின் இழுவை வேகத்தின் இருபடியாக ஏறும், மெயின் கேப்பும் ஆயில் ஓட்டமும்தான் அங்கே பிரச்சினை. இரண்டாவதில் டார்க் அதிகம், அழுத்தம் அதிகம், ஹெட் போல்ட்டும் சிலிண்டர் சுவரும் மெயின் வெப்பும் (மெயின் பேரிங்கைத் தாங்கும் பிளாக்கின் உட்சுவர்) சோதிக்கப்படும். நைட்ரஸ் வாயுவை, புறப்படும்வரை காரைப் பிடித்து வைக்கும் டிரான்ஸ்பிரேக்கை விட்ட கையோடு குறைந்த ஆர்பிஎம்மில் முழுசாகத் திறந்துவிடுகிறவர்கள் பிளாக்குக்குப் படுமோசமான அடி கொடுக்கிறார்கள். மேலே ரூட்ஸ் புளோயர் வைத்தால் பெல்ட் இழுவை கிராங்கின் முன்மூக்கில் விழும், அதை வாங்குவது முதல் மெயின் பேரிங். ஆகவே எந்த வழியில் பவர் வரப்போகிறது, உச்ச டார்க் எந்த ஆர்பிஎம்மில், இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிளாக்கைத் தேடுங்கள்.

தொழிற்சாலை பிளாக் எங்கே விட்டுக்கொடுக்கும் என்பதற்கு ஃபோர்டின் 302 கன அங்குல வி8 நல்ல பாடம். 1985 முதல் மஸ்டாங்கில் வந்த ரோலர் கேம் 5.0 பிளாக் எடை குறைவு, விலை குறைவு, பழைய எக்ஸ்ப்ளோரர்களிலிருந்தும் கிடைக்கும். ஆனால் 500 ஹெச்பியைத் தாண்டினால் அபாயம் ஆரம்பம் என்பது ஃபோர்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. விரிசல் லிஃப்டர் வேலியில் (இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளம்) தொடங்கும், கேம் துளை வழியாக மெயின் வெப்புக்கு இறங்கும், சில பிளாக்குகள் நடுவில் இரண்டாகவே பிளந்துவிடும். மெயின் கர்டில் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். கர்டில் கேப்புகளை ஒன்றோடொன்று கட்டி வைக்கும், அவ்வளவுதான். மேலே இருக்கும் வெப்பின் இரும்பு மெல்லியதாக இருந்தால் கர்டில் அதைத் தடிமனாக்காது. 302-இல் 600-க்கு மேல் ஆசை இருந்தால் கர்டில், ஸ்டட், போரிங் எதற்கும் காசு கொடுக்காமல் ஆஃப்டர்மார்க்கெட் (ரேஸ் பார்ட்ஸ் நிறுவனங்கள் தனியாகச் செய்து விற்கும்) பிளாக்குக்கு அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். ஃபோர்டின் பெரிய வி8-ஆன 351 விண்ட்சருக்கு மாறுவது இன்னொரு வழி. பிளாக் பலமானது, ஆனால் டெக் உயரம் 8.206-இலிருந்து 9.5 அங்குலத்துக்குப் போகும், மெயின் ஜர்னல் 2.249-இலிருந்து 3 அங்குலமாகும். பெரிய ஜர்னல் என்றால் பேரிங் மேல்பரப்பு வேகமும் அதிகம், அதனால்தான் ஆஃப்டர்மார்க்கெட் விண்ட்சர் பிளாக்குகள் பலவற்றில் ஃபோர்டின் இன்னொரு வி8-ஆன கிளீவ்லேண்டின் 2.749 அங்குல மெயின் கிடைக்கிறது. வாங்கினால் அந்த மெயின் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) எல்எஸ் வி8 வரிசையின் கதை வேறு. 1999 முதல் லாரிகளிலும் எஸ்யூவிகளிலும் வந்த வார்ப்பிரும்பு 4.8, 5.3, 6.0 பிளாக்குகளைப் போலக் கொடுத்த காசுக்குப் பலம் தரும் வேறொரு வி8 பிளாக் எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு மெயின் கேப்புக்கும் ஆறு போல்ட், நான்கு செங்குத்தாக, இரண்டு பக்கவாட்டில். பிளாக்கின் ஓரம் கிராங்க் மையத்துக்குக் கீழே இறங்கி கேப்பைப் பிடித்துக்கொள்கிறது. 5.3-இன் போர் 3.780, 6.0-இன் போர் 4 அங்குலம். டர்போ போடுகிறவர்களுக்கு சிறிய போர் ஒரு குறையே இல்லை, காற்றை டர்போ தள்ளிக்கொடுக்கும், உங்களுக்குச் சுவர்தான் வேண்டும். 5.3-ஐ 3.898 வரை போர் செய்து 5.7 ஆக்கலாம்தான், டர்போ காருக்கு அதைச் செய்யாதீர்கள். பக்கவாட்டில் லிட்டர் அளவு வார்த்தே இருக்கும், விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, எண்ணெய் அழுக்கைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

எல்எஸ்ஸின் எல்லை ஹெட் போல்ட்டில் இருக்கிறது. ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே பெரிய போல்ட். ஆயிரம் ஹெச்பியைத் தாண்டி பூஸ்ட்டை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஹெட் தூக்கும், கேஸ்கெட் ஊதும், கூலன்ட் வெளியே வரும். நல்ல ஸ்டட்டும் எம்எல்எஸ் (பல அடுக்கு ஸ்டீல்) கேஸ்கெட்டும் அந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிலிண்டருக்கு ஆறு போல்ட் வைத்த ஜிஎம் எல்எஸ்எக்ஸ், டார்ட் நிறுவனத்துடையது மாதிரியான பிளாக்குதான், ஆனால் ஆறு போல்ட் துளை உள்ள ஹெட்டும் கூடவே வாங்க வேண்டும். பழைய நான்கு போல்ட் ஹெட்டை அதன்மேல் உட்கார வைத்தால் நீங்கள் காசு கொடுத்த கூடுதல் துளைகள் சும்மா கிடக்கும்.

சரி, பழைய பிளாக் ஒன்றை ஸ்கிராப் யார்டிலிருந்து எடுத்து வந்துவிட்டீர்கள். ஒரு ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால், ஒரு பார்ட்டும் ஆர்டர் போடுவதற்கு முன்னால், நல்ல மெஷின் ஷாப்பில் அளக்கக் கொடுங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆயில் காலரி பிளக் உள்பட, சுடச்சுடக் கழுவ வேண்டும். பிறகு மேக்னஃப்ளக்ஸ்: இரும்பைக் காந்தமாக்கி மேலே இரும்புத் தூள் தூவினால் விரிசல் இருக்கும் கோட்டில் தூள் வரிசையாகக் கூடி நிற்கும். மெயின் வெப், லிஃப்டர் வேலி, டெக்கில் போல்ட் துளைகளுக்கும் தண்ணீர் துளைகளுக்கும் இடைப்பட்ட பகுதி, இவற்றை நீங்களே குனிந்து பாருங்கள். அதற்குப் பிறகு சோனிக் டெஸ்ட். சிலிண்டர் சுவரில் ஜெல் தடவி புரோபை வைத்தால் தடிமன் திரையில் வரும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரம், ஒவ்வொரு உயரத்திலும் நான்கு திசை. ஒவ்வொரு எண்ணையும் அந்த இடத்திலேயே மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பிளாக்கின் கதை முழுக்கக் கண்முன் இருக்கும்: ஒரு பக்கம் 0.260 அங்குலம், எதிர்ப்பக்கம் 0.170 என்று இருந்தால் வார்க்கும்போது உள்ளே இருந்த மணல் கோர் நகர்ந்திருக்கிறது. மெல்லிய பக்கம் பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கமாக இருந்தால் அந்த பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிய பூஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்தில், போர் செய்து முடித்த பிறகு, 0.200 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. சுவர் மெல்லியதாக இருந்தால் அழுத்தத்தில் உருண்டை கெடும், ரிங் ஒட்டாது, பவர் கீழே கிராங்க்கேஸுக்குப் போகும், விரிசல் அதற்கப்புறம் வரும்.

மெயின் போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டட் போட்டால் லைன் ஹோனிங் (மெயின் துளைகளை ஒரே நேர்கோட்டில் தீட்டிச் சரிசெய்வது) கட்டாயம். ஸ்டட் பிடிக்கும் விதம் வேறு, கேப்பின் உருண்டை மாறும், அளக்காமல் பேரிங் போட்டால் முதல் சில ஓட்டத்திலேயே பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடியிலுள்ள செம்பு தெரியும்.

புது ஆஃப்டர்மார்க்கெட் பிளாக் வாங்கும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் ஹெச்பி எண்ணைத் தாண்டிப் படியுங்கள். மெயின் கேப் ஸ்டீலா, டக்டைல் இரும்பா? வெளிப்பக்க போல்ட்கள் சாய்ந்து வெப்பின் தடிமனான பகுதிக்குள் இறங்குகின்றனவா? டெக் எவ்வளவு தடிமன்? போரை எதுவரை பெரிதாக்கலாம், அப்போது சுவர் எவ்வளவு மிஞ்சும்? ஆயில் முதலில் மெயின் பேரிங்குக்குப் போகிறதா அல்லது லிஃப்டரைச் சுற்றிவிட்டு மிச்சம்தான் மெயினுக்கா? அதிக ஆர்பிஎம் இன்ஜினுக்கு இந்தக் கடைசிக் கேள்வி உயிர்க்கேள்வி. நீண்ட ஸ்ட்ரோக் போடுவதாக இருந்தால் ராட் போல்ட் கேமில் இடிக்காதா, உயர்த்திய கேம் துளை உண்டா என்று கேளுங்கள், உயர்த்தியிருந்தால் டைமிங் செயின் நீளமும் மாறும். டார்ட்டின் எல்எஸ் நெக்ஸ்ட் பிளாக்கில் கீழே இறங்கும் ஓரத்தையே எடுத்துவிட்டு ஸ்டீல் கேப் போட்டிருக்கிறார்கள், கிராங்கைச் சுற்றி ஆயிலும் காற்றும் சிக்கிக்கொள்ளாமல் போக இடம் கிடைக்கிறது.

இரும்பா அலுமினியமா என்ற கேள்விக்கு என் பதில்: பணம் குறைவு என்றால் இரும்பு, யோசிக்க வேண்டாம். இரும்பு வளையாது, ரிங் நன்றாக ஒட்டும், அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். அலுமினியத்தில் 80 முதல் 100 பவுண்டு மிச்சம், அதுவும் காரின் மூக்கிலிருந்து. நூறு பவுண்டுக்குக் கால் மைலில் ஒரு பத்தில் ஒரு விநாடி என்பது பழைய கணக்கு. ஆனால் அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும், மெயின் இடைவெளி திறக்கும், அதற்கேற்பக் குளிர்ந்த நிலையில் இடைவெளியை இறுக்கி வைக்க வேண்டும், ஓட்டும் முன் கட்டாயம் சூடாக்க வேண்டும். அலுமினியத்தின் பெரிய வரம் ரிப்பேர். ராட் வெளியே வந்தால் பெரும்பாலும் வெல்டு வைத்து, லைனர் மாற்றி மீட்டுவிடலாம்; இரும்பு பிளாக்கில் ராட் வெளியே வந்தால் அநேகமாக அதோடு முடிந்தது. டிராக் ரேஸின் அதிவேக வகுப்பான டாப் ஃபியூவல் கார்களின் 500 கன அங்குல ஹெமி பிளாக்குகள் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தவை, தண்ணீர் வழியே கிடையாது, இரும்பு லைனரை ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் தட்டி எடுத்து மாற்றுகிறார்கள்.

தண்ணீர் வழியில் சிமென்ட் போன்ற பிளாக் ஃபில்லர் ஊற்றுவது பற்றி. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் நல்லது, சிலிண்டரின் அடிப்பகுதி அசையாது. ரோட்டிலும் ஓட்டுவீர்கள் என்றால் தண்ணீர் பம்ப் துளையின் அடிவிளிம்புக்கு மேல் ஊற்றாதீர்கள், ஆயில் சூடு ஏறும் என்பதால் நல்ல ஆயில் கூலர் வையுங்கள். ஊற்றும்போது மெயின் கேப்பும் டார்க் பிளேட்டும் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) முழு டார்க்கில் இறுக்கியிருக்க வேண்டும், நன்றாக இறுகக் காயவிட்டு அதற்குப் பிறகே போரிங், ஹோனிங். வரிசை மாறினால் போர் உருண்டை போய்விடும். விரிசல் விட்ட பிளாக்கை ஃபில்லர் காப்பாற்றாது.

ஜப்பான் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. டொயோட்டா 2ஜேஇசட் இரும்பு, மூடிய டெக், ஏழு மெயின், 86க்கு 86 மில்லிமீட்டர். அதைத் தொழிற்சாலை பிளாக்கிலேயே ஆயிரம் ஹெச்பிக்குப் பலர் ஓட்டுகிறார்கள். ஹோண்டா பி, கே வரிசை அலுமினியம், திறந்த டெக், பூஸ்ட் ஏறினால் சிலிண்டர்கள் மேலே ஆடும், டக்டைல் இரும்பு லைனர் போட்டே ஆக வேண்டும். லைனர் போடுவது அனுபவமுள்ள ஷாப்பின் வேலை, ஒரு லைனர் மற்றதைவிடத் தாழ்ந்து உட்கார்ந்தால் கேஸ்கெட் நிற்காது.

வாங்கும் முன் ஓடப்போகும் வகுப்பின் விதியைப் படித்துவிடுங்கள். ஸ்டாக் எலிமினேட்டர் போன்ற வகுப்புகளில் பிளாக்குக்குக் கட்டுப்பாடு உண்டு, அங்கே விதி ஏற்காத பிளாக்கோடு போனால் பந்தயத்துக்கு முந்தைய சோதனையிலேயே திருப்பி அனுப்புவார்கள். பவர் அதிகமான கார்களில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டை விட்டுவிட்டு, பிளாக்கை ஃபிரேமோடு பிணைக்கும் தகடுகளாக முன்பக்கம் மோட்டார் பிளேட், பின்பக்கம் மிட் பிளேட் வையுங்கள், திருகு விசை இரண்டு சின்னக் காதுகளில் விழாமல் பிளாக் முழுக்கப் பரவும்.

புதுப் பெட்டியிலிருந்து வரும் பிளாக்கும் ஓடத் தயாரானது இல்லை. போரைக் கொஞ்சம் சிறிதாகவே விட்டு அனுப்புவார்கள். கூர்முனைகளை அரத்தால் மழுக்கி, ஆயில் வழிகள் ஒவ்வொன்றிலும் பிரஷ் விட்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, மெயின் துளையை கேப் இறுக்கி அளந்து, டெக் உயரத்தை நான்கு மூலையிலும் பாருங்கள். கையில் இருக்கும் எட்டு பிஸ்டனையும் தனித்தனியாக மைக்ரோமீட்டரில் அளந்து எண் போட்டுக் கொடுத்தால், மெஷின் ஷாப்காரர் டார்க் பிளேட்டை அதே ஸ்டட், அதே கேஸ்கெட், அதே டார்க்கில் இறுக்கி, ஒவ்வொரு போரையும் அதற்குரிய பிஸ்டனுக்குக் கடைசி ஹோனிங் செய்வார்.