நாற்றுக்கு எல்ஈடி விளக்கு: எத்தனை அங்குல உயரம்?

நுவரெலியாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பகலிலும் மூட்டம்தான். யன்னலோரம் வைத்த தக்காளி, கறிமிளகாய் நாற்றுகள் வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும். அதற்காகத்தான் எல்ஈடி விளக்கு. ஆனால் அதை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உயரத்தைத் தட்டிலிருந்து அளக்காதீர்கள்; நாற்றின் நுனியிலிருந்து அளவிடுங்கள். செடி வளர வளர விளக்கும் மேலே போகவேண்டும். சாதாரண 9 வோட் மின்குமிழ் என்றால் 6 முதல் 8 அங்குலம் போதும். செடி வளர்ப்புக்கென்றே விற்கும் 100 வோட் பலகை விளக்கு என்றால் 18 முதல் 24 அங்குலம். ஒளியளவைக் குறைக்கும் திருகி இருந்தால் ஒளியை அரைவாசிக்கும் குறைவாக வைத்துத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். சிறு மின்குமிழின் தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். ஆகவே இரண்டு அங்குலம்கூடப் பெரிய வித்தியாசம்.

கையை நீட்டிச் சூடு பார்ப்பதை நம்பவேண்டாம். எல்ஈடி சுடாமலேயே இலையை வெளுக்கச் செய்யும். நுனியிலைகள் வெளிறினாலோ, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டாலோ உடனே விளக்கை உயர்த்துங்கள். தண்டு மெலிந்து நீண்டால் தாழ்த்துங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் போதும். இரவில் கட்டாயம் அணைத்துவிடுங்கள், தக்காளிக்கு இருள் வேண்டும்.