பனங்கூடலில் திணறும் கைப்பேசி: ரெண்டர் பைப்லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கேம் எஞ்சின் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்) பழகும் இளையவர்களின் வேலைகளைப் பார்க்கும்போதெல்லாம், காட்சியைத் திரையில் வரையும் படிவரிசையான ரெண்டர் பைப்லைனில் நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகளே திரும்பி வருகின்றன. விளக்கு வைக்க மறப்பது, கமராவைத் தவறான பக்கம் திருப்புவது போன்றவை உடனே கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓலைக்கெல்லாம் டிரான்ஸ்பேரன்ட் மெட்டீரியல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பனங்கூடல் ஒன்றை உருவாக்குகிறார்கள். ஓலை ஒவ்வொன்றும் ஒரு சதுரத் தகடு, அதன்மேல் ஓலைப் படம். ஓலைக்கீற்றுகளுக்கு இடையில் வானம் தெரியவேண்டுமே என்று மெட்டீரியலை, அதாவது மேற்பரப்பின் தோற்ற அமைப்பை, டிரான்ஸ்பேரன்ட் (ஊடுதெரிவது) ஆக்கிவிடுகிறார்கள். மடிக்கணினியில் அழகாக ஓடும். விலை குறைந்த கைப்பேசியில், கூடலுக்குள் நுழைந்ததும் திணறும். உடனே உருவங்களைக் கட்டியிருக்கும் முக்கோணங்களைக் குறைக்கத் தொடங்கிவிடுவார்கள். அண்மையில் ஒரு தம்பி இரவிரவாக அதைச் செய்துவிட்டு வந்து, "அண்ணை, முக்கோணத்தைப் பாதியாக்கிவிட்டேன், வேகம் கூடவே இல்லை" என்றான். எப்படிக் கூடும்? செலவு முக்கோணத்தில் இல்லை, பிக்சலில் இருக்கிறது.

ஒளிபுகாப் பொருள்களை எஞ்சின் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக வரைகிறது. முன்னால் நிற்பது தன் தூரத்தை டெப்த் பஃபரில் (பிக்சல்வாரியாகத் தூரத்தைக் குறித்துவைக்கும் இடத்தில்) எழுதிவிடுவதால், அதன் பின்னால் மறைந்த பிக்சலுக்கு, நிறத்தைக் கணக்கிடும் நிரலான ஷேடர் ஓடத் தேவையில்லை. டிரான்ஸ்பேரன்ட் பொருள்கள் அதற்குப் பிறகு, பின்னிருந்து முன்னாக வரையப்படுகின்றன. வழக்கமாக அவை டெப்த் எழுதுவதில்லை. பத்து ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அந்த ஒரு பிக்சலுக்குப் பத்துத் தடவை ஷேடர் ஓடும், படத்தின் வெற்றிடத்துக்கும் சேர்த்து. வரிசையும் பொருள்வாரியாகவே தீர்மானிக்கப்படுவதால், ஒன்றையொன்று ஊடறுக்கும் ஓலைகள் கமரா திரும்பும்போது முன்பின் மாறித் துள்ளும்.

சந்தேகமென்றால் ரெண்டர் ரெசொல்யூஷனைப் பாதியாக்கிப் பாருங்கள். ஃப்ரேம் நேரம் (ஒரு படத்தை வரைய எடுக்கும் நேரம்) சட்டென்று இறங்கினால் செலவு பிக்சல் வேலையில்தான். ஓலைக்கு ஆல்ஃபா கிளிப்பிங் போதும்: வெற்றிடப் பிக்சல்களைக் கழித்துவிட்டு மற்றதை ஒளிபுகாப் பொருளாகவே வரையும் முறை அது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஷேடர் ஓடி முடியும்வரை அந்த பிக்சல் தங்குமா, கழியுமா என்று ஜிபியுவுக்கு (வரைகலைச் செயலிக்கு) தெரியாது. ஆகவே மறைந்தவற்றை முன்கூட்டியே விலக்கும் அதன் வசதி, முக்கியமாகக் கைப்பேசிகளில், குன்றிப்போகும். தகட்டையே ஓலையின் விளிம்பை ஒட்டி வெட்டுங்கள். முக்கோணம் சில கூடும், கூடட்டும்.

எஃப்பிஎஸ்ஸில் கணக்குப் பார்ப்பது

எஃப்பிஎஸ் என்பது செக்கனுக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு. அதை விட்டு, ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு நேரம் என்று மில்லிசெக்கனில் பாருங்கள். செக்கனுக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 16.7, 30 போதுமென்றால் 33.3.

கதியாலுக்கொரு மெட்டீரியல்

வேலிக் கதியால்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மெஷ் (முக்கோணங்களாலான உருவம்), ஒரே மெட்டீரியல் என்றால், ஒன்றையே பல இடங்களில் சேர்த்து வரையும் இன்ஸ்டன்சிங் மூலம் வேலி முழுவதையும் ஒரே டிரா காலில் (ஜிபியுவுக்கு இடும் ஒரே வரைகட்டளையில்) வரையலாம். கதியால் ஒவ்வொன்றுக்கும் மெட்டீரியல் நகல் எடுத்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எல்லாம் மெஜன்டா

யூனிட்டி என்ற கேம் எஞ்சினின் பழைய பில்ட்-இன் பைப்லைனுக்கு எழுதிய சர்ஃபேஸ் ஷேடர், அதன் புதிய பைப்லைனான யுஆர்பியில் ஓடாது; பொருள்கள் மெஜன்டா நிறமாகத் தெரியும். பைப்லைனை முதல் நாளே தீர்மானியுங்கள்.

எடிட்டரில் அளப்பது

கணினியில் எஞ்சினின் எடிட்டருக்குள் வேகத்தை அளக்க வேண்டாம். கைப்பேசியிலேயே அளந்து பாருங்கள். அது நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொருமுறையும். சூடானதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.