மனநல ஆலோசனைப் பதிவேடுகள்: எதுவரை வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்கலாம்?

"ஏழு வருஷம் வைத்திருந்தால் போதும்." பதிவேடுகளைப் பற்றிக் கேட்டால் இந்தத் துறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். வயதுவந்தவர்களின் கோப்புக்கு பல இடங்களில் இது பொருந்தவும் செய்யும். எந்தத் தேதியிலிருந்து ஏழு, யாருக்கு ஏழு என்று கேட்காமல் விடும்போதுதான் சிக்கல் வருகிறது. சிலர் சிறுவர்களின் கோப்பை ஆண்டுகள் முன்னதாகவே அழித்துவிடுகிறார்கள். வேறு சிலர் எதற்கு வம்பு என்று எதையுமே அழிப்பதில்லை. இரண்டாவது பாதுகாப்பான வழி போலத் தோன்றும். ஆனால் தேவை முடிந்த பின்னும் வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்பும் திருட்டுக்கும் கசிவுக்கும் திறந்து கிடக்கிறது.

புதிதாக ஆலோசனை மையம் தொடங்குபவர் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அழிப்புத் தேதியைக் கணக்கிட்டு, அதன்படி நடப்பதற்கான வழி கீழே.

படி 1: உங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளைத் திரட்டுங்கள்

ஒரே ஒரு விதி இருப்பது அபூர்வம். உரிமம் தந்த அமைப்பின் விதி, நாட்டின் அல்லது மாநிலத்தின் சட்டம், தொழில்சார் சங்கத்தின் வழிகாட்டுதல், காப்பீட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் என்று நான்கு இடங்களில் தேட வேண்டும். நான்கிலும் கிடைக்கும் காலங்களை எழுதி, மிக நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2007 வழிகாட்டுதல், சட்டம் வேறு ஏதும் சொல்லாத இடத்தில், கடைசிச் சேவைக்குப் பின் 7 ஆண்டுகள் என்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 6 ஆண்டுகள். கலிஃபோர்னியாவில் 7. அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேரின் அட்வான்டேஜ் திட்டங்களில் சேர்ந்து சேவை தருபவர்களுக்கு 10. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையில் மனநலப் பதிவுகளுக்கு 20 ஆண்டுகள். அங்கே தனியாக ஆலோசனை தருபவரை அந்த 20 கட்டுப்படுத்தாது. அவர் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்படி தானே ஒரு காலத்தை முடிவுசெய்து, அதற்கான காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்கின்றன. பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் இவை மருத்துவர்களுக்கானவை, அதாவது மனநல மருத்துவருக்குப் பொருந்தும். மருத்துவர் அல்லாத ஆலோசகர் தன் பதிவு அமைப்பின் விதியையும் வேலைபார்க்கும் நிறுவனத்தின் விதியையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று, அங்குள்ள மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்டமான ஹிப்பாவின் 6 ஆண்டு. அது தனியுரிமைக் கொள்கை, அறிவிப்பு, அனுமதிப் படிவம் போன்ற ஆவணங்களுக்கானது. அமர்வுக் குறிப்புகளை எத்தனை ஆண்டு வைப்பது என்று ஹிப்பா சொல்லவே இல்லை. அதை மாநிலச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

படி 2: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

பெரும்பாலான விதிகளில் முதல் அமர்விலிருந்து அல்ல, கடைசிச் சேவையிலிருந்துதான். இந்திய விதி தொடக்க நாளிலிருந்து எண்ணுகிறது. அதை அப்படியே பின்பற்றினால், நான்கு வருடமாகச் சிகிச்சையில் இருப்பவரின் முதல் வருடக் குறிப்புகளை அவர் வந்துகொண்டிருக்கும்போதே அழிக்கலாம் என்றாகும். அப்படிச் செய்யாதீர்கள். எங்கே இருந்தாலும் கடைசித் தொடர்பிலிருந்தே எண்ணுங்கள்.

கடைசித் தொடர்பு எது என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். சிகிச்சை தொடர்பான தொலைபேசி உரையாடலும் வேறொரு மருத்துவருக்கு எழுதிய கடிதமும் சேவைதான். அவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் கோப்பு திறந்தபடியே கிடக்கும், கடிகாரமும் தொடங்காது. இத்தனை வாரம் தொடர்பு இல்லையென்றால் கோப்பை முடிப்போம் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். அந்தக் காலம் கடந்ததும் முடிவுக் குறிப்பு எழுதித் தேதி போடுங்கள். இரண்டு வருடம் கழித்து அவர் திரும்பி வந்தால் பழைய கோப்பும் புதியதும் ஒன்றே. எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

படி 3: 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். சிறுவருக்கு இரண்டு தேதிகள் கணக்கிட வேண்டும்: கடைசி அமர்விலிருந்து ஒன்று, வயதுவந்த நாளிலிருந்து ஒன்று. எது பிந்தியதோ அதுவே அழிப்புத் தேதி.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் கணக்கு, வயதுவந்த பின் 3 ஆண்டுகள். கலிஃபோர்னியாவில் 18க்குப் பின் 7, அதாவது 25 வயது வரை. நியூயார்க்கில் குறைந்தது 6 ஆண்டுகள், அதோடு 22 வயது ஆகும்வரை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற இடங்களிலும் 25 வயது வரை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிறந்த தேதி 12 மார்ச் 2008, கடைசி அமர்வு 20 நவம்பர் 2024. அமர்விலிருந்து 7 ஆண்டு என்றால் 20 நவம்பர் 2031. 18 வயது முடிவது 12 மார்ச் 2026. அதோடு 3 சேர்த்தால் 2029. எனவே சங்கத்தின் கணக்கில் 2031தான் பிந்தியது. கலிஃபோர்னியாவில் 2026 உடன் 7 சேர்க்க, 12 மார்ச் 2033. அங்கே 2031இல் அழித்தால் விதிமீறல்.

குழந்தை சிறியதாக இருந்தால் இடைவெளி இன்னும் பெரிது. 5 ஆகஸ்ட் 2018இல் பிறந்து, கடைசியாக 10 ஜனவரி 2025 அன்று வந்த குழந்தையின் கோப்பை சங்கத்தின் கணக்குப்படி 2039 ஆகஸ்ட் வரையும், கலிஃபோர்னியாவில் 2043 ஆகஸ்ட் வரையும் வைத்திருக்க வேண்டும். ஆகவே முதல் படிவத்திலேயே பிறந்த தேதியை முழுதாக வாங்குங்கள். "வயது 6" என்று மட்டும் எழுதிய கோப்பை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் கணக்கிட முடியாது.

குடும்ப அமர்வுகளில், பங்கேற்றவர்களில் இளையவரின் தேதியை வைத்து மொத்தக் கோப்பையும் வைத்திருப்பது நல்லது. தம்பதியர் கோப்பிலிருந்து ஒருவர் பகுதியை மட்டும் பிரித்து அழிக்க முயலாதீர்கள். மிச்சம் இருப்பது அர்த்தமற்றதாகிவிடும்.

படி 4: பதிவேட்டுப் பட்டியல் தயார் செய்யுங்கள்

ஒரு விரிதாள் போதும். கிளையன்ட் குறியீட்டு எண், பிறந்த தேதி, கடைசித் தொடர்பு, பொருந்தும் விதி, அழிப்புத் தேதி, நிறுத்திவைப்பு, அழித்த நாள், அழித்த முறை என்று எட்டு பத்திகள். நோய் விவரம் எதுவும் இதில் வேண்டாம். பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியலைப் பூட்டித் தனியாக வையுங்கள்.

கோப்புக்கு ஒரு நாளாக அழிக்க உட்கார வேண்டியதில்லை. அழிப்புத் தேதி எந்த ஆண்டில் விழுகிறதோ, அதற்கடுத்த ஜனவரியில் மொத்தமாகச் செய்யலாம். சில மாதங்கள் கூடுதலாக இருப்பதில் தவறில்லை. ஒரு நாள் முந்தினால்கூடத் தவறு.

நிறுத்திவைப்புப் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். வழக்கு, புகார், நீதிமன்ற அழைப்பாணை, கிளையன்ட் கேட்டிருக்கும் நகல் என எது நிலுவையில் இருந்தாலும், அல்லது வரும் என்று தெரிந்தாலும், தேதி கடந்தும் அழிக்கக் கூடாது. விசாரணை நடக்கும்போது அழித்தால் ஆதாரத்தை அழித்ததாகவே பார்ப்பார்கள்.

படி 5: இடைப்பட்ட ஆண்டுகளில் படிக்கும்படி வைத்திருங்கள்

கோப்பு இருந்தும் திறக்க முடியாவிட்டால் இல்லாததற்குச் சமம். மென்பொருள் சந்தாவை நிறுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் பி.டி.எஃப் ஆக இறக்கி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில வருடங்களில் வெளுத்துவிடும், நகலெடுத்து வையுங்கள். கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதும் ஆபத்துதான். நீங்கள் நோயுற்றாலோ இறந்தாலோ கோப்புகளைப் பொறுப்பேற்க, இரகசியம் காக்கும் கடமையுள்ள சக தொழில்முறையாளர் ஒருவரை எழுத்துமூலம் நியமியுங்கள்.

அமர்வின்போது உங்களுக்காக எழுதும் சிந்தனைக் குறிப்புகளை முக்கியக் கோப்போடு கலக்காதீர்கள். ஹிப்பாவில் அவற்றுக்குச் சிறப்புப் பாதுகாப்பு கிடைப்பதே தனியாக வைத்தால்தான். அமர்வு தொடங்கி முடிந்த நேரம், மருந்து, சோதனை முடிவு, நோயறிதல் சுருக்கம், சிகிச்சைத் திட்டம் ஆகியவை அங்கே போகக் கூடாது. அவை முக்கியக் கோப்பைச் சேர்ந்தவை.

படி 6: அழியுங்கள், அழித்ததைப் பதியுங்கள்

காகிதத்தை நீளக் கீற்றாக வெட்டும் இயந்திரம் போதாது. கீற்றுகளை ஒட்டிப் படிக்கலாம். குறுக்காகவும் வெட்டும் பி-4 நிலை இயந்திரம் வாங்குங்கள், அதில் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. கணினியில் குப்பைத்தொட்டியைக் காலி செய்வது அழிப்பு ஆகாது. புதிய கணினிகளில் வரும் எஸ்.எஸ்.டி வகைச் சேமிப்பு வட்டுகளில், பழைய தரவின்மேல் வேறு தரவை எழுதி அழிக்கும் பழைய முறையும் நம்பகமில்லை. தொடக்கத்திலேயே வட்டு முழுவதையும் மறையாக்கம் (திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்துவிட்டு, பின்னால் அந்தத் திறவுகோலை அழிப்பதுதான் எளிது. ஆனால் திறவுகோல் போனால் வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளும் போகும். அதனால் ஆண்டுவாரியாக, தனித்தனித் திறவுகோலோடு மறையாக்கிய பெட்டகங்கள் வையுங்கள்.

காப்புப் பிரதி, மின்னஞ்சல் இணைப்பு, கைப்பேசிச் செய்தி, பழைய மடிக்கணினி ஆகியவற்றிலும் அதே கோப்பு இருக்கும். எல்லா இடமும் முடிந்த பிறகே பட்டியலில் தேதி எழுதுங்கள். அந்த வரியை நீக்க வேண்டாம். பல வருடம் கழித்து ஒருவர் தன் கோப்பைக் கேட்டால், இன்ன விதிப்படி இன்ன நாளில் அழிக்கப்பட்டது என்று எழுத்தில் பதில் சொல்ல உங்களிடம் மிஞ்சியிருப்பது அது மட்டும்தான்.